பந்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள்: கல்லூரி ஃபுட்பால் அணியின் உத்தியைப் பிரித்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த புதிதில் கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) என்றால் எனக்குச் சனிக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்காத எரிச்சல் மட்டும்தான். ரூம்மேட் கட்டாயப்படுத்தி உட்கார வைத்த முதல் ஆட்டத்தில் பந்து யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒருவன் எதையோ வயிற்றோடு அணைத்துக்கொண்டு கும்பலுக்குள் பாய்கிறான், கேமராவும் அவன் பின்னாலேயே போகிறது, பத்துப் பேர் அவன்மேல் விழுகிறார்கள், பார்த்தால் அவன் கையில் ஒன்றுமே இல்லை. பந்தோடு குவாட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன், அந்தப் பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான். கேமராக்காரரே ஏமாந்தார் என்றால் நான் எம்மாத்திரம்.

அந்த ஏமாற்றுதான் ஆட்டமே என்று புரிய எனக்கு இரண்டு சீசன் பிடித்தது. கபடியில் ரைடர் காலை நீட்டி ஓரத்தில் நிற்பவனைச் சீண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்ந்தால் தப்பிவிடுவான், பாயாவிட்டால் போனஸ் எடுத்துவிடுவான். ஃபுட்பாலிலும் அதேதான். ஒவ்வொரு பிளேயிலும் (பந்து ஆட்டத்துக்கு வந்து மறுபடி நிற்கும்வரை ஒரு பிளே) எதிரணியில் யாரோ ஒருவனை "இதைச் செய்வதா, அதைச் செய்வதா" என்று திணற வைக்கப் பார்க்கிறார்கள். அவனை இந்தக் கட்டுரை முழுக்க மாட்டிக்கொண்டவன் என்றே அழைக்கப் போகிறேன். அவன் யார் என்று பிளேக்குப் பிளே கண்டுபிடிக்கத் தெரிந்தால் உத்தி தானாகப் புரியும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

விதி தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில்: பக்கத்துக்கு 11 பேர், 100 யார்ட் மைதானம், 10 யார்ட் முன்னேற நான்கு வாய்ப்பு, அந்த வாய்ப்புக்குப் பெயர் டவுன், எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன் 6 புள்ளி, உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்ட் கோல் 3. பந்து வைத்திருக்கும் பக்கம் அஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ். மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: அணியையும் ஆட்டங்களையும் தேர்ந்தெடுப்பது

உங்களுக்குப் பிடித்த அணியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிடித்த அணி என்றால் மனசு பந்தோடு ஓடிவிடும், கண் வேலை செய்யாது. முடிந்துபோன ஒரு சீசன், முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஒரு அணி, அதுதான் பழகுவதற்கு நல்லது. நான் எல்லோருக்கும் சொல்வது லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் இருக்கும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின், சுருக்கமாக எல்எஸ்யூவின், 2019 அணி. 15 ஆட்டம், 15 வெற்றி, மொத்தம் 726 புள்ளி. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ அந்த ஆண்டு 60 டச்டவுன் பாஸ் வீசினார். அதே பர்ரோ, அதே அணியில், முந்தைய ஆண்டு வீசியது 16. ஆள் மாறவில்லை, தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரானும் மாறவில்லை. ஸ்டீவ் என்ஸ்மிங்கர் நடத்திய அஃபென்ஸுக்குள் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். அனுபவம் ஓராண்டு கூடியது, சுற்றியிருந்த ரிசீவர்கள், அதாவது பாஸைப் பிடிப்பவர்கள், தேறினார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்தான். ஆனாலும் திட்டம் மாறினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து அணியை எடைபோடக் கூடாது. குறைந்தது மூன்று. அதிலும் 65-14 என்று நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட்டைத் துவைத்த ஆட்டத்தைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. சின்ன அணிக்கு எதிராக எந்த உத்தியும் பலிக்கும். திணறிய ஆட்டங்களை எடுங்கள். டெக்ஸஸுக்கு எதிராக 45-38, ஆபர்னுக்கு எதிராக 23-20, அப்புறம் 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனோடு நடந்த இறுதி ஆட்டம், 42-25. இந்த மூன்றும் போதும். ஆபர்ன் ஆட்டத்தில்தான் அந்த சீசனின் மிகக் குறைந்த புள்ளியை எடுத்தார்கள், அதனால் அது முக்கியம். ஒரு அணியைத் தடுத்தது எது என்று தெரிந்தால்தான் அது எதை நம்பி ஆடுகிறது என்பது தெரியும்.

படி 2: கல்லூரி விதிகள் ஆட்டத்தை எப்படி வளைக்கின்றன

என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகைப் பார்த்துப் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. மைதானத்தின் நடுவே இரண்டு வரிசையாகச் சின்னக் கோடுகள் இருக்குமே, ஹாஷ் மார்க், பந்தை எப்போதும் அந்த இரண்டு வரிசைக்கு இடையில்தான் வைத்து ஆரம்பிப்பார்கள். என்எஃப்எல்லில் அவற்றுக்கு இடைவெளி 18 அடி 6 அங்குலம், கல்லூரியில் 40 அடி. மைதானத்தின் அகலம் 160 அடி. அதனால் கல்லூரி ஆட்டத்தில் பந்து இடது ஹாஷில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்ட் என்றும் குறுகிய பக்கத்தை பவுண்டரி என்றும் சொல்வார்கள் (கிரிக்கெட் பவுண்டரியை மறந்துவிடுங்கள்). இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பல அணிகள் தங்கள் டிஃபென்ஸை இடம் வலம் என்று பிரிப்பதே இல்லை, ஃபீல்ட் பக்கம் ஒருவன், பவுண்டரி பக்கம் ஒருவன் என்றுதான் ஆளை வைத்திருக்கிறார்கள். அகலமான பக்கம் ஓடி மூடத் தெரிந்தவனும் குறுகிய பக்கம் முட்டி மோதத் தெரிந்தவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லையே.

இன்னொன்று, முன்னே பாஸ் வீசும்போது அஃபென்ஸின் முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேன்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கலாம் என்பது. என்எஃப்எல்லில் ஒரு யார்ட், கல்லூரியில் மூன்று. அந்த இரண்டு யார்ட் வித்தியாசத்தில்தான் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) என்ற மொத்தக் குடும்பமே இங்கே செழித்து வளர்ந்தது. படி 4-இல் வரும்.

கேட்ச் பிடிக்க ஒரு கால் உள்ளே இருந்தால் போதும் என்பது ஓரக்கோட்டை ஒட்டிய பாஸுக்குச் சாதகம். அவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போவோம்.

படி 3: நோட்டுப் போடுவது

முதல் முறை சும்மா பாருங்கள், முறுக்கோ மிக்சரோ வைத்துக்கொண்டு. இரண்டாம் முறை அஃபென்ஸுக்கு மட்டும் நோட்டு, மூன்றாம் முறை டிஃபென்ஸுக்கு மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத முயன்றால் இரண்டும் அரைகுறையாகும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 70 பிளே ஆடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஸ்னாப்புக்கு, அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்கு வருவதற்கு, ஒரு நொடி முன்னால் நிறுத்தி எழுத வேண்டியதை எழுதிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் மூளை திருத்தி எழுதிவிடும். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "2-7, சொந்த 34, இடது ஹாஷ், 11, வலப்பக்கம் மூவர், மோஷன் இல்லை, பாக்ஸ் 6, சேஃப்டி 2, ரஷ் 4, ரன், +5." படித்தால் இரண்டாம் டவுன், இன்னும் 7 யார்ட் வேண்டும், தங்கள் பக்க 34-ஆவது யார்டில் பந்து, இப்படிப் போகும். மற்ற சொற்கள் என்னவென்று கீழே வந்துவிடும். விரிதாளில் போட்டால் பிற்பாடு வடிகட்ட வசதி. நான் இன்னும் நோட்டில்தான், நிறுத்தி எழுதும் வேகத்தில் கை பழகிவிட்டது.

படி 4: அஃபென்ஸைப் படிப்பது

முதலில் ஆட்களை எண்ணுங்கள். 11, 12, 10 என்றெல்லாம் எழுதுவது எண் இல்லை, இரண்டு தனி இலக்கம். முதல் இலக்கம் எத்தனை ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்), இரண்டாவது எத்தனை டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்). 11 என்றால் ஒருவர், ஒருவர். மீதி மூன்று பேர் ரிசீவர். 12 என்றால் டைட் எண்ட் இரண்டு, ரிசீவர் இரண்டு. எதிரணி இதைப் பார்த்துத்தான் தன் ஆளை இறக்கும். அஃபென்ஸ் ஆள் மாற்றினால் டிஃபென்ஸுக்கும் ஆள் மாற்ற நடுவர் நேரம் கொடுத்தாக வேண்டும். அஃபென்ஸ் ஆள் மாற்றாமல் மடமடவென்று அடுத்த பிளேக்கு வந்து நின்றால் அந்த உத்தரவாதம் கிடையாது, இருப்பவர்கள் இருந்தபடியே ஆட வேண்டியதுதான்.

எல்எஸ்யூவின் சூட்சுமம் இங்கேதான் இருந்தது. பெரும்பாலும் அதே 11 கூட்டணி. ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,414 யார்ட் ஓடியவர், கூடவே 55 கேட்ச் பிடித்தவர். அவரைப் பின்னால் நிறுத்தினால் ரன் வரலாம் என்று பயம், அதே ஆளை ஓரத்துக்கு அனுப்பிவிட்டால் ஐந்து ரிசீவர்கள் பரந்து நிற்கும் எம்ப்டி என்ற அமைப்பு. ஆள் யாரும் வெளியே போகவில்லை, உள்ளே வரவில்லை, ஆட்டம் மட்டும் மாறிவிட்டது. அவர் ஓரத்துக்கு நடந்து போகும்போது பர்ரோ என்ன பார்க்கிறார் தெரியுமா? அவர் பின்னாலேயே ஒரு லைன்பேக்கர் (டிஃபென்ஸ் லைனுக்குப் பின்னால் நிற்பவர்) நடந்து போனால் மேன், அதாவது ஆளுக்கு ஆள் காவல். யாரும் கூடப் போகாமல் ஏற்கெனவே அங்கே ஓரத்தில் காவல் நிற்கும் கார்னர்பேக்கே அவருக்கு எதிரே நின்றால் பெரும்பாலும் ஜோன், அதாவது இடத்துக்குக் காவல். பந்து கைக்கு வருவதற்கு முன்னாலேயே கேள்வித்தாள் வெளியாகிவிட்டது. நோட்டில் மோஷன் என்று ஒரு பத்தி வைத்திருப்பது இதற்காகத்தான்: யார் நகர்ந்தார், அவர் கூட யார் நகர்ந்தார்.

அடுத்து லைன்மேன்கள். பந்தைப் பார்க்காமல் இருக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. நடுவில் குனிந்திருக்கும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்ட் ஒருவரை மட்டும் பத்து பிளேக்குப் பாருங்கள். அவர் தலை தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ரன். நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். ஐந்து பேரும் ரயில் பெட்டிபோல ஒரே பக்கம் சாய்ந்து நகர்ந்தால் ஜோன் ரன் (மேலே சொன்ன காவல் ஜோன் வேறு). ஒருவர் மட்டும் வரிசையை விட்டுக் கழன்று பின்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் ஓடினால் பவர் அல்லது கவுன்டர் வகை ரன். இந்த நான்கை மட்டும் பிரிக்கத் தெரிந்தாலே டிவி வர்ணனையாளருக்கு அரை நொடி முன்னால் இருப்பீர்கள்.

இப்போது மாட்டிக்கொண்டவன். முதல் ஆட்டத்தில் என்னையும் கேமராக்காரரையும் ஏமாற்றிய பிளேக்குப் பெயர் ஜோன் ரீட். டிஃபென்ஸின் ஓரத்தில் நிற்கும் எண்ட் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக் வயிற்றில் வைத்தபடியே அந்த எண்டைப் பார்க்கிறார். எண்ட் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடு, எண்ட் வெளியே நின்றால் பந்தைக் கொடுத்துவிடு. எண்ட் எதைச் செய்தாலும் தப்பு. ரிச் ராட்ரிகெஸ் 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் இதை வளர்த்தெடுத்தார், இப்போது இது இல்லாத அணியைத் தேடத்தான் வேண்டும்.

ஆர்பிஓவில் அதே தந்திரம் ஓரடி பின்னால் நகர்கிறது. ரன்னும் பாஸும் ஒரே பிளேக்குள் இருக்கும், மாட்டிக்கொள்வது லைன்பேக்கர். அவர் ரன்னைத் தடுக்க முன்னே வந்தால் அவர் விட்டுவந்த காலி இடத்தில் பாஸ். பின்னேயே நின்றால் ரன். லைன்மேன்களுக்கு இது ரன்னாகத்தான் தெரியும், அவர்கள் முன்னே பாய்ந்துவிடுவார்கள். மூன்று யார்ட் விதி இருப்பதால், அவர்கள் அந்த எல்லையைத் தாண்டுமுன் பந்து சட்டென்று கையை விட்டுப் போய்விட்டால் அது குற்றமாகாது. ரீப்ளேயில் லைன்மேன் எல்லாரும் ரன்னுக்கு மோதிக்கொண்டிருக்க பந்து மட்டும் காற்றில் பறந்தால் ஆர்பிஓ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பாஸ் பிளேக்களிலும் இதே கேள்விதான். ஒரு ரிசீவர் முன்னே குட்டையாக நின்றுவிட, இன்னொருவர் அவருக்குப் பின்னே ஓரத்தை நோக்கி ஓடினால் அது ஸ்மேஷ், மாட்டிக்கொண்டவர் கார்னர்பேக். நான்கு பேர் நேராக ஆழமாக ஓடினால் பின்னால் ஆழத்தில் நடுவே தனியாகக் காவல் நிற்கும் சேஃப்டி இரண்டு பேருக்கு நடுவே திண்டாடுவார். இரண்டு ரிசீவர்கள் எதிரெதிரே குறுக்கே ஓடித் தோளோடு தோள் உரசுவதுபோல் கடந்தால் மெஷ். துரத்தி வரும் இரண்டு காவலாளிகளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். ஹால் மம்மீயும் மைக் லீச்சும் அயோவா வெஸ்லியனில் தொடங்கி வளர்த்த ஏர் ரெய்டு முறை இப்படிப்பட்ட கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பிளேக்களை ஆயிரம் முறை பழகி ஆடுவதுதான். பிளே நூறு இருக்கும் என்று பயப்படாதீர்கள்.

மாட்டிக்கொண்டவனைக் கண்டுபிடிக்கக் கண் பழகவில்லை என்றால் நேவி அல்லது ஆர்மி அணியின் ஒரு ஆட்டத்தைப் பாருங்கள். அவர்களின் ட்ரிப்பிள் ஆப்ஷனில் தடுக்காமல் விடப்படும் ஆள் ஒருவர் இல்லை, இருவர். முதலாமவரைப் பார்த்து நடுவில் பாய்பவரிடம் கொடுப்பதா என்று முடிவு, இரண்டாமவரைப் பார்த்து தானே ஓடுவதா, பக்கவாட்டில் வருபவரிடம் எறிவதா என்று முடிவு. எல்லாம் வெட்டவெளிச்சமாக நடக்கும். பழைய பாணி என்று சிரிப்பார்கள், ஆனால் பாலர் பாடம் இதுதான்.

படி 5: டிஃபென்ஸைப் படிப்பது

கிரிக்கெட்டில் ஷார்ட் லெக்கைக் கொண்டுவந்து டீப் ஸ்கொயர் லெக்கையும் அனுப்பினால் பவுன்சர் வரப்போகிறது என்று பெட்டிக்கடையில் நிற்பவர்கூடச் சொல்வார். இங்கேயும் ஸ்னாப்புக்கு முன் ஆட்களின் நிற்பிடம் பேசும், ஆனால் இங்கே அது பொய்யும் பேசும்.

இரண்டு எண்ணிக்கை. ஒன்று, லைனுக்கு அருகில் நெருக்கமாக நிற்பவர்கள் எத்தனை பேர், அதுதான் பாக்ஸ். ஆறு பேர் என்றால் ரன் ஓடு என்று அழைப்பு, எட்டுப் பேர் என்றால் வீசிப் பார் என்று சவால். இரண்டு, பின்னால் ஆழத்தில் நடுப்பகுதியில் நிற்கும் சேஃப்டிகள் எத்தனை பேர். ஒருவர் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3. இருவர் என்றால் கவர் 2 அல்லது கவர் 4. அந்த எண் ஆழத்தைக் காப்பவர்கள் எத்தனை பேர் என்பதைக் குறிக்கிறது, அதனால் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. கவர் 1-ஆ 3-ஆ என்பதற்கு கார்னர்பேக்கின் கண்ணைப் பாருங்கள்: ரிசீவரை முறைத்துக்கொண்டு நின்றால் மேன், குவாட்டர்பேக்கைப் பார்த்தபடி ஒருக்களித்து நின்றால் ஜோன்.

சரி, இதெல்லாம் ஸ்னாப்புக்கு முன். ஸ்னாப் ஆனதும் முதல் இரண்டு நொடி சேஃப்டிகளை மட்டும் பாருங்கள். இருவராக நின்றவர்களில் ஒருவர் கீழே இறங்கி மற்றவர் நடுவுக்கு ஓடினால், காட்டியது ஒன்று, ஆடியது இன்னொன்று. நோட்டில் இரண்டையும் எழுதுங்கள், "2 → 1" என்று. ஒரு டிஃபென்ஸ் எத்தனை முறை வேஷம் போடுகிறது, எந்த டவுனில் போடுகிறது என்பது மூன்று ஆட்ட நோட்டில் தெளிவாகத் தெரிந்துவிடும். மூன்றாம் டவுனில் மட்டும் வேஷம் போடும் அணிகள் உண்டு.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். டிவி கேமரா பந்தைச் சுற்றியே நிற்பதால் சேஃப்டிகள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே. பயிற்சியாளர்களிடம் 22 பேரும் தெரியும் உயரமான கோணத்துக் காணொளி இருக்கும், நம்மிடம் இல்லை. மைதானத்தின் பின்னாலிருந்து எடுத்த ரீப்ளே வரும்போது ஓடிப்போய் நிறுத்துங்கள், சில நேரம் அது ஒன்றுதான் சாட்சி. அதுவும் இல்லையென்றால் ஊகித்து எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். என் நோட்டில் மூன்றில் ஒரு வரிக்குக் கேள்விக்குறி இருக்கும், அதில் வெட்கமில்லை.

பாதியில் மேன், பாதியில் ஜோன் என்று தெரிந்து குழம்பினாலும் அது உங்கள் தவறு என்று நினைக்க வேண்டாம். நிக் சேபன் 1990களின் முதல் பாதியில் கிளீவ்லாந்தில் பில் பெலிசெக்கின் கீழ் வேலை பார்த்தபோது உருவாக்கி அலபாமாவில் பிரபலமாக்கிய முறை அப்படித்தான் இருக்கும். முதல் நொடி ஜோன்போல நிற்பார்கள், ரிசீவர் எந்தத் திசையில் போகிறார் என்று தெரிந்ததும் ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். அயோவா ஸ்டேட் 2017-க்குப் பிறகு ஜான் ஹீகாக்கின் கீழ் வேறு வழி பிடித்தது: முன்னே மூவர், பின்னே மூன்று சேஃப்டி. எல்லாரும் பாஸ் வீசும் பிக் 12 லீகில் பாக்ஸில் ஆளைக் குறைத்து, நடு சேஃப்டியை மேலிருந்து ரன்னுக்கு ஓடி வரவைத்துச் சமாளித்தார்கள். பிறகு பல அணிகள் அதைக் காப்பியடித்தன.

ரஷ் எண்ணிக்கை கடைசி. குவாட்டர்பேக்கை நோக்கி உண்மையில் எத்தனை பேர் ஓடினார்கள்? ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பிளிட்ஸ். மிரட்டி நிற்பவர்களை எண்ணாதீர்கள், ஓடியவர்களை எண்ணுங்கள். எல்எஸ்யூவின் டிஃபென்ஸை நடத்திய டேவ் அராண்டாவின் கைவரிசையே இதில்தான். லைன்பேக்கர் ஒருவர் பாய்வார், பார்க்கிறவருக்கு பிளிட்ஸ். அதே நேரம் லைனில் நின்ற ஒருவர் சத்தமில்லாமல் பின்வாங்கி பாஸைக் காக்கப் போய்விடுவார். எண்ணினால் நான்கே பேர். ஆனால் அஃபென்ஸ் லைன் தப்பான ஆளைத் தடுக்கத் திரும்பியிருக்கும். மாட்டிக்கொண்டவன் டிஃபென்ஸில் மட்டும்தான் இருப்பான் என்று யார் சொன்னது? இதில் மாட்டிக்கொள்வது எதிரணி கார்டும் அவருக்கு வெளிப்பக்கம் நிற்கும் லைன்மேனான டேக்கிளும்.

படி 6: எண்களோடு சரிபார்ப்பது

கண் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, பெரிய பிளே மட்டும்தான் நினைவில் நிற்கும். எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: முதல் டவுனில் தேவையான யார்டில் 50 சதவீதம், இரண்டாம் டவுனில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுவதும் எடுத்தால் அந்த பிளே வெற்றி. மேலே என் நோட்டு வரியில் 2-7, +5 என்று இருந்ததே, 7-இல் 70 சதவீதம் 4.9, ஆகவே அது மயிரிழையில் வெற்றி. ஆட்டத்துக்கு எத்தனை யார்ட் என்ற எண்ணை ஓரம் கட்டுங்கள், வேகமாக ஆடும் அணிக்கு அது ஊதிப்போய்த் தெரியும். பிளேக்கு எத்தனை யார்ட் என்பது பரவாயில்லை.

ஒரு பொறி: குவாட்டர்பேக்கைப் பந்தோடு பிடித்து வீழ்த்தினால் அதற்கு "சாக்" என்று பெயர், கல்லூரி புள்ளிவிவரத்தில் அதில் இழந்த யார்டை ரன் கணக்கில் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் பாஸ் கணக்கில். ஐந்து சாக் வாங்கிய அணியின் ரன் எண் பரிதாபமாக இருக்கும், உண்மையில் ரன் நன்றாகவே ஓடியிருக்கும். சாக்குகளை எடுத்துவிட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

முடிவு தெரிந்துவிட்ட நேரத்துப் பிளேக்களையும் வெட்டிவிடுங்கள். அந்த சீசன் அரையிறுதியில் எல்எஸ்யூ ஓக்லஹோமாவை முதல் பாதியிலேயே 49-14 என்று முடித்துவிட்டது. அதன் இரண்டாம் பாதியிலிருந்து உத்தி கற்றுக்கொள்ளப் போனால் தப்பான பாடம்தான் கிடைக்கும்.

இதற்கப்புறம் நோட்டை வடிகட்டுங்கள். 12 கூட்டணி வந்தால் எத்தனை முறை ரன்? மூன்று ரிசீவர் ஒரே பக்கம் நின்றால் தனியாக நிற்பவருக்கு எத்தனை முறை வீசினார்கள்? பத்தில் எட்டு, ஒன்பது என்று வந்தால் அது வழக்கம். ஆறு என்று வந்தால் ஒன்றுமில்லை, விடுங்கள். வழக்கம் என்று நீங்கள் கண்டதை அவர்களின் பயிற்சியாளர் உங்களுக்கு முன்பே கண்டிருப்பார், பெரிய ஆட்டத்தில் வேண்டுமென்றே அதை உடைப்பார் என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

படி 7: ஒரு ஆட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது

2020 ஜனவரி 13 இறுதி ஆட்டத்துக்கு வாருங்கள். கிளெம்சனின் டிஃபென்ஸை நடத்தியவர் பிரென்ட் வெனபிள்ஸ். ஆபர்ன் அந்த அக்டோபரில் மூன்று பேரை மட்டும் முன்னே வைத்து எட்டுப் பேரைப் பின்னே இறக்கி எல்எஸ்யூவை 23-இல் நிறுத்தியதை அவரும் பார்த்திருப்பார். அவர் கொண்டுவந்ததும் அதே சாயல்தான்: முன்னே மூவர், பின்னே கூடுதல் சேஃப்டிகள், ஸ்னாப்புக்கு முந்தைய நொடி வரை இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஸ்னாப்புக்கு முன்னாலேயே விடை தெரிந்துகொள்ளும் பர்ரோவின் பழக்கத்தைக் குறிவைத்த திட்டம். எல்எஸ்யூவின் ஆரம்ப முயற்சிகள் உதைத்துத் திருப்பிக் கொடுப்பதிலேயே முடிந்தன. இரண்டாம் குவார்ட்டரில் 17-7, கிளெம்சன் மேலே.

உங்கள் நோட்டு இந்த இடத்தில் சொல்ல வேண்டியது: பின்னால் இத்தனை ஆளை வைத்தால் எங்கேயோ ஆள் குறைந்திருக்கும், எங்கே? இரண்டு இடம். ஒன்று, ஓரத்தில் எல்எஸ்யூ ரிசீவர் ஜமார் சேஸுக்கு எதிரே கார்னர்பேக் பல நேரம் தனியாள். அவர் ஒன்றும் சோடை இல்லை, ஏ.ஜே. டெரல், அடுத்த சில மாதங்களில் என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே போனவர். ஆனாலும் சேஸ் முடிக்கும்போது 9 கேட்ச், 221 யார்ட், 2 டச்டவுன், அதில் ஒன்று 52 யார்ட். இரண்டு, பாக்ஸ் மெலிந்துவிட்டது. எட்வர்ட்ஸ்-ஹெலேர் 110 யார்ட் ஓடினார், பாஸுக்கு இடமில்லாதபோது பர்ரோவே காலைக் கிளப்பினார், ஒரு டச்டவுனும் ஓடியே எடுத்தார். இடைவேளைக்குள் தொடர்ந்து 21 புள்ளி, 28-17.

மறுபக்கம் பார்க்க மறக்காதீர்கள், எல்லாரும் பர்ரோவின் 463 யார்டையே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு முன் 29 ஆட்டம் தொடர்ந்து வென்ற அணி கிளெம்சன். அன்று மூன்றாம் டவுனில் 11 முயற்சியில் ஒன்றுதான் தேறியது. அவர்களின் குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் ஒரு டச்டவுன் பாஸ்கூட வீசவில்லை. அந்த 11 பிளேக்களை மட்டும் தனியாக எடுத்து, எத்தனை பேர் மிரட்டினார்கள், எத்தனை பேர் உண்மையில் ஓடினார்கள் என்று இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அராண்டா என்ன செய்தார் என்பது நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட நன்றாக விளங்கும்.

படி 8: எழுதி வைத்து மாட்டிக்கொள்வது

ஆமாம், கடைசியில் மாட்டிக்கொள்ள வேண்டியது நீங்கள். மூன்று ஆட்ட நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்த அணி விரும்பிச் செய்வது என்ன, அதைத் தடுத்தால் எங்கே போகிறது, யாரை மாட்டவைக்கப் பார்க்கிறது, டிஃபென்ஸ் எந்த டவுனில் வேஷம் போடுகிறது. அப்புறம் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஒரு அணியை எடுத்து இதையே செய்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு முன் பத்துக் கணிப்பு எழுதித் தேதி போடுங்கள். "நன்றாக ஆடுவார்கள்" மாதிரி சவசவ கணிப்பு வேண்டாம். "முதல் இரண்டு முறை பந்து கிடைக்கும்போது 12 கூட்டணி வந்தால் ரன்", "மூன்றாம் டவுனில் 7 யார்டுக்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு சேஃப்டி காட்டி ஒன்றுக்கு மாறுவார்கள்", இப்படிச் சரியா தப்பா என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஓரக்கோட்டில் படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்களே, அந்தச் சைகைகளைப் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், நேரம்தான் வீண். பாதி அட்டை கண்துடைப்பு, 2024 முதல் மேல்நிலைப் பிரிவில் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோ வந்துவிட்டது. எதிரணி ஆட்டத்துக்கு நேரில் போய் வேவு பார்ப்பதையும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ 1994-லேயே தடை செய்துவிட்டதால் அவர்களும் உங்களைப்போலக் காணொளியைத்தான் பார்க்கிறார்கள், என்ன, கோணம் கொஞ்சம் நல்ல கோணம்.

என் முதல் கணிப்புத் தாள் இன்னும் நோட்டில் ஒட்டியிருக்கிறது. பத்துக்கு நான்கு. பக்கத்தில் ரூம்மேட் சிவப்பு மையில் "பந்தைப் பார்த்துட்ட" என்று எழுதியிருக்கிறான்.